ஆனைமங்கலமும் லெய்டன் நகரமும்

தமிழ்நாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் செப்பேடுகள் பல. திருவாலங்காட்டுச் செப்பேடு, அன்பில் செப்பேடு, கரந்தைச் செப்பேடு என அவற்றுள் பெரும்பாலானவை தமிழ்நாட்டு ஊர்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆனால் இராசராச சோழன் காலத்துப் பெருங்கொடை ஒன்றைக் கூறும் செப்பேட்டிற்கும், முதற் குலோத்துங்கன் காலத்துச் செப்பேடு ஒன்றிற்கும் ‘லெய்டன் செப்பேடுகள்’ என்ற பெயர் உலக வழக்கில் நிலைத்துவிட்டது. லெய்டன் என்பது சோழநாட்டு ஊரன்று. ஹாலந்து நாட்டில் ஓடைகளும் பாலங்களும் சூழ அமைந்த பல்கலைக்கழக நகரம். சோழநாட்டு வயல்வெளியின் கணக்கு அந்நகரின் பெயரால் வழங்குவதற்குக் காரணம் யாது? அந்நகரில் கூடிய அறிஞர் பேரவைகளுக்கும், நம் மும்பை மாநகருக்கும், இந்தச் செப்பேடுகளுக்கும் உள்ள தொடர்பு யாது? பிறந்த மண்ணை விட்டுப் பிறிதொரு மண்ணில் சங்கம் கண்டு தமிழ் வளர்க்கும் நாம் அறிய வேண்டிய செய்திகள் இவற்றுள் பல உண்டு.

லெய்டனின் பெருமை

ஹாலந்து மக்கள் ஸ்பெயின் நாட்டு மன்னனின் ஆட்சியை எதிர்த்துப் போராடிய காலத்தில், ஸ்பானியப் படைகள் லெய்டன் நகரை முற்றுகையிட்டன. 1573இல் தொடங்கிய முற்றுகை, இடையே சின்னாட்கள் தளர்ந்து, 1574இல் மீண்டும் இறுகியது. நகர மக்கள் பசியாலும் கொள்ளை நோயாலும் மடிந்தனர், ஆயினும் அடிபணியவில்லை. இறுதியில் ஹாலந்து வீரர்கள் கடற்கரை அணைகளை வெட்டித் தம் நாட்டு நிலத்தையே வெள்ளத்தில் ஆழ்த்தினர். அவ்வெள்ளத்தின் மீது படகுகளைச் செலுத்தி 1574 அக்டோபர் 3ஆம் நாள் நகரை மீட்டனர். அன்று பசித்திருந்த மக்களுக்கு ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் வழங்கப்பட்டன. அந்நாளை லெய்டன் மக்கள் அதே உணவோடு இன்றும் விழாவாகக் கொண்டாடுகின்றனர்.

நகர மக்களின் உறுதியைப் போற்றி, அவர்தம் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் 1575இல் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவினார். வரிவிலக்கு வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா என்று அவர் கேட்டதாகவும், மக்கள் பல்கலைக்கழகத்தையே தேர்ந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதையாயினும் அது அந்நகரத்தாரின் உள்ளத்தைக் காட்டுகிறது.

கீழ்நாடுகளில் வாணிகம் செய்த டச்சுக் கப்பல்கள் மிளகையும் துணியையும் மட்டும் ஏற்றிச் செல்லவில்லை. செய்திகளையும் ஏடுகளையும் ஏற்றிச் சென்றன. பழவேற்காட்டில் டச்சுக்காரரின் சமயகுருவாக இருந்த ஆபிரகாம் ரோஜர் என்பவர், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு நம் நாட்டுச் சமயங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்தபின் அது 1651இல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. பர்த்துருஹரியின் பாடல்கள் முதன்முதல் ஓர் ஐரோப்பிய மொழியில் வெளிவந்தது அந்நூலிலேயாம். யாழ்ப்பாணத்தில் பணியாற்றி, தமிழ் எழுத்துக்களைத் தம் நூலில் பொறித்து 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பால்தேயஸ் என்பவரும் லெய்டனில் பயின்றவரே. ஆகவே செப்பேடுகள் செல்வதற்கு முன்பே தமிழகத்துச் செய்திகள் அந்நாட்டை அடைந்துவிட்டன.

செப்பேடுகள் கூறும் செய்தி

கி. பி. 1006ஆம் ஆண்டை ஒட்டிய காலம். தஞ்சையில் பெரிய கோயிலை எழுப்பிய இராசராசனின் 21ஆம் ஆட்சி யாண்டு. கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டை ஆண்ட சூடாமணிவர்மன் என்னும் மன்னன் பெயரால், நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழும்பியது. அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அப்பணியை நிறைவேற்றினான். பொன்மலையாகிய மேருவும் சிறிதாகத் தோன்றும்படி அது ஓங்கி நின்றது என்று செப்பேட்டின் வடமொழிப் பகுதி புகழ்கிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர் எவரும் அச்சூடாமணி விகாரத்தை மறந்திரார்.

சிவநெறியில் ஊன்றிய இராசராசன், தஞ்சை அரண்மனை மண்டபத்தில் வீற்றிருந்தபோது, அவ்விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்க ஆணையிட்டான். சத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டனக்கூற்றத்தில் அடங்கிய அவ்வூர், இன்றைய கீழ்வேளூருக்கு அருகில் உள்ளது. ஊரின் நிலம் 97 வேலிக்கு மேற்பட்டது. அதனின்று விகாரத்திற்குச் சேரவேண்டிய நெல் 8943 கலத்திற்கு மேற்பட்டது. பெண்யானை ஒன்றை எல்லை வழியே நடத்தி, அது சுற்றிய தடத்தைக் கொண்டு ஊரின் நான்கு எல்லைகளையும் வரையறுத்தனர். சுற்றுப்புற ஊரார் உடன்வந்து சான்றாயினர். அவர்தம் பெயர்களும் செப்பேட்டில் உள்ளன. நிலம் மட்டுமன்று; குளமும் கிணறும், வாய்க்காலும் மரமும், அவற்றின்பால் உள்ள உரிமைகளும் தனித்தனியே சொல்லப்பட்டுள்ளன. ஒரு கொடையை எவ்வளவு கருத்தோடு நிறைவேற்றினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இராசராசன் மறைந்தபின், அவன் மகன் இராசேந்திரன் தந்தையின் ஆணை என்றும் நிலைபெற வேண்டி அதனைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். மொத்தம் 21 ஏடுகள்; அவற்றுள் 5 வடமொழி, 16 தமிழ். புலியும் இரு கயலும் வில்லும் பொறித்த இராசேந்திரனின் முத்திரை வளையம் அவற்றைக் கோத்து நிற்கிறது. அதன் எடை ஏறக்குறைய 30 கிலோ.

இரண்டாவது செப்பேடு சிறியது, மூன்றே ஏடுகள். இரண்டிற்கும் இடையே எத்தனை மாறுதல்கள்! கி. பி. 1025இல் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தின்மேல் சென்று வென்றது. தந்தைக்கு நண்பனாய் இருந்த அரசகுலம் மகனுக்குப் பகையாயிற்று. ஆயினும் நாகப்பட்டினத்துப் பள்ளி அழியவில்லை. அதற்கு அளித்த ஊரும் பறிக்கப்படவில்லை. கி. பி. 1090இல் கடாரத்து மன்னன் அனுப்பிய தூதர் இருவர் முதற் குலோத்துங்கனை அணுகி, பள்ளிக்குரிய ஊர்களை வரிகளினின்று விடுவிக்குமாறு வேண்டினர். அவன் இசைந்து அளித்த ஆணையே சிறிய செப்பேடு. போர் மூண்டபோதும் அறக்கொடை பிழைத்தது என்பது இவ்விரண்டு செப்பேடுகளையும் ஒருங்கே வைத்துக் காணும்போது விளங்கும் உண்மை.

லெய்டன் சென்ற வழி

நாகப்பட்டினத்தை 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைப்பற்றினர். பின்னர்ச் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகராகவும் அது விளங்கியது. 1781இல் ஆங்கிலேயர் அதனைப் பிடிக்கும் வரை, நூறாண்டுகளுக்கு மேல் அத்துறைமுகம் அவர்கள் கையில் இருந்தது. அக்காலத்திலே, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழ்நாடுகளில் இருந்த புளோரென்தியஸ் காம்பர் என்னும் சமயகுருவின் கைக்குச் செப்பேடுகள் வந்தன. பிற்காலத்தில் அவை லெய்டன் பல்கலைக்கழகத்தில் கீழ்நாட்டு மொழிப் பேராசிரியராக இருந்த ஹமாக்கர் என்பவரை அடைந்தன. அவர் 1835இல் மறைந்தார். அவர் குடும்பத்தார் 1862இல் அவற்றைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தனர். ஆனைமங்கலச் செப்பேடு லெய்டன் செப்பேடானது இவ்வாறே.

1883ஆம் ஆண்டுப் பேரவை

கீழ்நாட்டு மொழிகளையும் வரலாறுகளையும் ஆராயும் அறிஞர்கள் 1873இல் பாரிஸ் நகரில் கூடி ஓர் அனைத்துலகப் பேரவையைத் தொடங்கினர். அதன் ஆறாம் கூட்டம் 1883இல் லெய்டன் நகரில் நிகழ்ந்தது. 1931இல் பதினெட்டாம் கூட்டமும் அங்கேயே கூடியது.

1883ஆம் ஆண்டுக் கூட்டத்திற்குச் சென்ற இந்தியருள் ஒருவர் சியாம்ஜி கிருஷ்ணவர்மா. கச்சு நாட்டு மாண்டவியில் 1857இல் பிறந்த அவர், கல்வி கற்றது நம் பம்பாயில். வில்சன் உயர்நிலைப் பள்ளி மாணவர். வடமொழிப் புலமையால் ஆக்ஸ்போர்டு சென்றவர். இந்தியர் பண்டு எழுத்தறியாதவர் என்று மேல்நாட்டார் சிலர் கருதிய காலம் அது. பண்டை இந்தியாவில் எழுத்து வழங்கியமை பற்றி லெய்டன் அவையில் அவர் கட்டுரை படித்தார். நம் நாட்டார் எழுதிய எழுத்தின் பெருமையை ஓர் இந்தியர் எடுத்துரைத்த அதே நகரில், இராசேந்திரன் பொறிப்பித்த எழுத்துக்கள் நூலகத்தில் உறங்கிக்கொண்டிருந்தன. அவை மொழிபெயர்ப்போடு அச்சேறியது அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின்னரே.

கிருஷ்ணவர்மா பிற்காலத்தில் லண்டனில் ‘இந்தியா ஹவுஸ்’ கண்டு விடுதலைப் புரட்சியாளருக்குப் புகலிடம் அளித்தார். தாய்நாடு திரும்ப இயலாமல் 1930இல் ஜினீவாவில் மறைந்தார். அவருடைய சாம்பல் 2003இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அயல்நாட்டில் தங்கிவிட்டவை மீண்டும் வீடு வருதல் அரிதாயினும் நிகழக்கூடியதே என்பதற்கு அவர் வாழ்வும் ஒரு சான்று.

பம்பாய் செய்த தொண்டு

செப்பேடுகளின் வாசகம் 1886இல் வெளிவந்தது. தொல்பொருள் ஆய்வுத் துறையின் வெளியீடாக அதனைப் பதிப்பித்தவர் ஜேம்ஸ் பர்ஜஸ். உடனிருந்து உழைத்தவர் நம் நடேச சாஸ்திரியார். பர்ஜஸ் பம்பாயில் நெடுங்காலம் பணியாற்றியவர். 1872இல் ‘இந்தியன் ஆன்டிக்வாரி’ என்னும் ஆராய்ச்சி இதழை இந்நகரில் தொடங்கியவரும் அவரே. பைகுல்லாவில் இருந்த எஜுகேஷன் சொசைட்டி அச்சகத்தில் அவ்விதழ் அச்சாகி உலகெங்கும் சென்றது.

அவ்விதழின் 1878ஆம் ஆண்டுத் தொகுதியில் நாகப்பட்டினத்தைப் பற்றிய கட்டுரை ஒன்று உள்ளது. எழுதியவர் சர் வால்டர் எலியட். 1846இல் அவர் நாகப்பட்டினத்திற்குச் சென்றபோது, கடலில் வருவோர்க்கு அடையாளமாக நின்ற மூன்று நிலைச் செங்கற் கோபுரம் ஒன்றைக் கண்டார். மக்கள் அதனைச் சீனக் கோபுரம் என்றனர். பண்டைய புத்தப் பள்ளிகளின் எச்சம் அது. ஆயின் அந்நிலப்பகுதி பிறர் உடைமையாகி, கோபுரம் சிதைந்து இடையூறாய் நிற்கிறது என்று கூறி, அதனை இடிக்க அரசின் இசைவு கேட்கப்பட்டது. 1867இல் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு இசைவளித்தார், கோபுரம் மறைந்தது. அவ்விடத்தைச் சூழ நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து கிடைத்தன. அவை பல காட்சிச்சாலைகளுக்குப் பிரிந்து சென்றன. இன்று கோபுரத்தின் உருவத்தைக் காண விரும்புவோர் பம்பாயில் அச்சான அவ்விதழைத்தான் புரட்ட வேண்டும். சோழநாட்டில் இழந்ததை நம் பைகுல்லா காத்து வைத்தது.

சாவி வீட்டிலேயே இருந்தது

லெய்டனில் 1865 முதல் 1903 வரை வடமொழிப் பேராசிரியராக விளங்கியவர் ஹென்ட்ரிக் கெர்ன். சாவகத்தில் பிறந்து, காசியில் ஆசிரியப் பணி புரிந்தவர். இந்தோனேசியக் கல்வெட்டுக்களை ஆராய்ந்தோருள் தலைசிறந்தவர். பங்கா தீவில் கிடைத்த கோத்தா கப்பூர் கல்வெட்டை அவர் 1913இல் வெளியிட்டார். அதில் ‘ஸ்ரீவிசயம்’ என்னும் சொல் வந்தது. அது ஓர் அரசனின் பெயர் என்று அவர் கருதினார்.

1918இல் பிரெஞ்சு அறிஞர் செதேஸ் இம்முடிச்சை அவிழ்த்தார். ஸ்ரீவிசயம் ஆளின் பெயரன்று, ஒரு பேரரசின் பெயர் என்று அவர் நிறுவினார். அதற்கு அவர் துணைக்கொண்டவற்றுள் சோழர் சாசனங்கள் முதன்மையானவை. மாறவிசயோத்துங்கவர்மன் கடாரத்துக்கும் ஸ்ரீவிசயத்துக்கும் அரசன் என்று லெய்டன் செப்பேடு தெளிவாகக் கூறுகிறது. சீன நாட்டுச் சோங் அரசகுலக் குறிப்புக்களிலும் 1003இல் சூடாமணிவர்மனும், 1008இல் மாறவிசயனும் தூதர் அனுப்பிய செய்தி உள்ளது. தமிழ்ச் செப்பேடும் சீனக் குறிப்பும் ஒன்றற்கொன்று கைகொடுத்து, மறைந்துபோன ஒரு பேரரசை வரலாற்றுக்கு மீட்டுக் கொடுத்தன.

கெர்ன் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் நூலகத்திலேயே அப்புதிருக்கு விடை இருந்தது. சாவி வீட்டில் இருந்தும் பூட்டுத் திறக்கவில்லை. பெரும்புலவரான அவரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. வடமொழியும் சாவகமும் ஒரு துறையாகவும், தமிழ் வேறொரு துறையாகவும் பிரிந்து நின்றதன் விளைவு இது. பல துறை அறிஞர் ஓரிடத்தில் கூடிப் பேசும் பேரவைகள் ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே தக்க விடை. 1964இல் புது தில்லியில் இதே கீழ்நாட்டுப் பேரவையின் 26ஆம் கூட்டம் நிகழ்ந்தபோது, தனிநாயக அடிகளார் முதலிய அறிஞர்கள் ஒருங்கிணைந்து அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தனர். அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில், பழங்கடாரம் இருந்த மலேசிய நாட்டிலேயே, கூடியது. 1090இல் கடாரத்துத் தூதர் சோழநாடு வந்தனர். 1966இல் தமிழறிஞர் கடாரத்து மண்ணுக்குச் சென்றனர்.

உரிமையும் கடமையும்

செப்பேடுகளைத் திரும்பப் பெற இந்திய அரசு பல ஆண்டுகளாக முயன்று வந்துள்ளது. ஹாலந்து நாடு பிற நாடுகளின் செல்வங்களைத் திருப்பியளித்த முன்னுதாரணங்கள் உண்டு. லெய்டனில் இருந்த சாவகத்துப் பிரஜ்ஞாபாரமிதைத் திருவுருவம் 1978இல் இந்தோனேசியாவுக்குத் திரும்பியது. 2023இல் சிங்கசாரிக் கோயில் சிற்பங்கள் உள்ளிட்ட பல பொருள்களும் அந்நாட்டிற்குத் தரப்பட்டன. ஆனைமங்கலத்து ஏடுகள் ஆனைமங்கலத்தின் நாட்டுக்கே உரியன என்பதில் ஐயமில்லை.

ஆயினும் உரிமையோடு ஒரு கடமையும் உண்டு. லெய்டன் நூலகம் அவ்வேடுகளைக் கெடாமல் காத்தது; அதே காலத்தில் அவ்வேடுகள் போற்றும் விகாரத்தின் எச்சத்தை நம் நாட்டில் இடித்துத் தள்ளினோம். இடிக்க இசைவளித்தவர் அயலார் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ‘இது எம் நாட்டுச் சின்னம், இடியாதீர்’ என்று உரிமையோடு தடுத்து நிறுத்த, அதனைப் பேணும் மக்கள் கூட்டம் ஒன்று அங்கே எஞ்சியிருக்கவில்லை. பகைவர் படையெடுப்புக்குத் தப்பிய பள்ளி, பேணுவாரின்மையால் அழிந்தது.

மும்பையில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நாகப்பட்டினத்துப் பள்ளி, கடல் கடந்து வந்தோர் தம் நெறியைக் காத்துக்கொள்ள அயல்மண்ணில் கண்ட இடம். ஊருக்குரிய அரசன் ‘நீ வேற்று நாட்டான், வேற்றுச் சமயத்தான்’ என்று விலக்காமல் ஓர் ஊரையே அதற்கு அளித்தான். நாமும் வந்தேறிய மக்களே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து தாராவியில் குடியேறியோர், அலுவலகப் பணிக்கு வந்து மாதுங்காவிலும் செம்பூரிலும் தங்கியோர் எனப் பலதிறத்தார் நம்முள் உளர். 1932இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. மராத்தி பேசும் இம்மாநகரின் மாநகராட்சி, நகர மக்கள் யாவரும் செலுத்தும் வரிப்பணத்தைக் கொண்டு தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்தி வந்துள்ளது. ஆனைமங்கலத்து நெல்லுக்கு இது குறைந்ததன்று. இதுவும் வந்தோர்க்கு நிலத்தார் அளித்த பள்ளிச்சந்தமே.

ஆனால் அப்பள்ளிகளில் பயிலும் சிறுவர் தொகை குறைந்து வருவதை நாம் அனைவரும் அறிவோம். தமிழ் பேசுவர், எழுத்துக் கூட்டிப் படிக்க அறியார். இத்தகைய பிள்ளைகள் நம் இல்லந்தோறும் உளர். நாளை அவர்கள் இராசேந்திரன் முத்திரையிட்ட ஏடுகளைக் கண்ணாடிப் பேழையில் காணும்போது, அதன் கீழே இன்றைய தமிழில் எழுதிய குறிப்பையேனும் படிக்க வல்லவராய் இருப்பரா? படிக்க இயலாதவர்க்கு அது தஞ்சையில் இருந்தாலும் ஒன்றே, லெய்டனில் இருந்தாலும் ஒன்றே.

ஆகவே நம் சங்கத்தின் பணி ஆண்டு விழாவோடு நின்றுவிடலாகாது. வார இறுதியில் ஒரு மணி நேரமேனும் ஒவ்வொரு குடியிருப்பிலும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்க இளைஞர் முன்வர வேண்டும். மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ் வகுப்பு எங்கே குறைகிறதோ அங்கே சங்கம் சென்று பெற்றோரைக் காண வேண்டும். கொடை அளித்தவர் அதனைப் பறித்தால் முறையிடலாம். பெற்றவரே கைவிட்டால் யாரிடம் முறையிடுவது? வேற்று நாட்டார் கண்ட பள்ளியைத் தலைமுறை பல காத்த சோழர் மரபில் வந்த நாம், நமக்கெனக் கிடைத்த பள்ளியைக் காப்போமாக.